பங்கில்லாதவன் பேச்சு

நான் சொன்னேன். "அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாமே" என்று யாரும் என்னைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பார்த்த அன்றே அம்மாவிடம் சொன்னேன், கன்னத்தில் வாங்கிக்கொண்டேன். ஊர்க்கூட்டத்தில் கத்திச் சொன்னேன், சிரித்தார்கள். அப்போது எனக்குப் பதினாலு வயது. இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் குருசுக்குப்பத்துக்காரர்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஊருக்குள் ஆபீஸ், போலீஸ் எல்லாம் மாறிக்கொண்டிருந்தன. குப்பத்தில் எதுவும் மாறவில்லை. ஆண்கள் விடியுமுன் கட்டுமரம் தள்ளினார்கள், பெண்கள் கூடை தூக்கிப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் வெள்ளைக்காரத் தெருப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தான். குப்பத்திலிருந்து அவ்வளவு தூரம் படித்தவன் அவன் ஒருவன்தான். அடுத்த வருஷம் பிரவே என்கிற பிரெஞ்சுப் பரீட்சை எழுதினால் ஆபீஸ் உத்தியோகம் என்று யாரோ ஒரு வாத்தியார் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா வாயைத் திறந்து பெருமை பேசியதில்லை. ஆனால் அண்ணனைத் துடுப்பைத் தொட விடமாட்டார்.

அண்ணனுக்கு அதுதான் உறுத்தல். அவன் வயசுப் பையன்கள் எல்லாம் அரைப் பங்குக்காரர்கள். கடலுக்குப் போகிறவனுக்குப் பிடித்த மீனில் பங்கு உண்டு; முழு ஆளுக்கு முழுப் பங்கு, வளரும் பையனுக்கு அரைப் பங்கு. இவனுக்கு ஒன்றும் கிடையாது. பதினாறு வயதில் மீசை முளைத்துக்கொண்டு, கூழுக்கு நைனா கையை எதிர்பார்த்துக்கொண்டு இருந்தான். பக்கத்துக் குடிசையில் இருந்த அவன் கூட்டாளி ஒரு வயது பெரியவன். "இன்னா முசியே, கடல்னா இன்னான்னு புத்தகத்துல போட்டிருக்கானா?" என்று, துரையைக் கூப்பிடுவது போலப் பிரெஞ்சில் முசியே போட்டுச் சீண்டுவான். சிரித்துக்கொண்டேதான் சீண்டுவான். அண்ணனும் சிரிப்பான். வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பான்.

எங்கள் கரையில் துண்டு வீசுகிற வழக்கம் ஒன்று இருந்தது. வாடைக் காற்று அடிக்கிற மாசங்களில் கரையோரத்து அலை ஆளைக் கொல்லும். கடலில் இருந்து திரும்புகிறவனுக்கு அலையின் முதுகுதான் தெரியும்; முதுகு எப்போதும் வழவழவென்றுதான் இருக்கும். எந்த அலை உடைகிறது, எப்போது ஓய்கிறது என்பது கரையில் நிற்பவனுக்குத்தான் தெரியும். அதனால் கரையில் ஒருத்தர் நீளக் கழியில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பார். கழியை மணலில் நட்டு வைத்திருந்தால், பொறு. தலைக்கு மேலே தூக்கி வீசினால், வா. கட்டுமரங்களெல்லாம் அலைக்கு அப்பால் காத்துக்கிடக்கும், வீசின பிறகுதான் ஒவ்வொன்றாக உள்ளே வரும். அந்தக் கழியை வேறு யாரும் தொடக் கூடாது.

எங்கள் துண்டுக்காரர் ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர்தான். கட்டை உருண்டு முட்டி போனதால் கரையோடு நின்றுவிட்டார். ஒவ்வொரு மரமும் அவருக்குக் கொஞ்சம் மீன் கொடுக்கும். சிடுமூஞ்சி. குழந்தைகள் கிட்டப் போனால் மணலை அள்ளி வீசுவார். அவரை எனக்குப் பிடிக்காது. பிடிக்காத மனுஷருக்காகத்தான் நான் அத்தனை கத்து கத்தினேன்.

அன்று ஐப்பசிக் காலை. மரங்கள் போகும்போது கடல் சாதுவாகத்தான் இருந்தது. வெயில் ஏறியதும் காற்று திரும்பிவிட்டது. மரங்கள் தூரத்தில் வரிசையாக நின்று ஏறி இறங்கின. அதில் நைனா மரமும் ஒன்று. நான் அவருக்குக் கூழ்ப் பாத்திரத்தோடு மணல்மேட்டில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் லீவு. கூட்டாளி அன்று கடலுக்குப் போகவில்லை, காலில் கெளுத்தி முள் குத்தி வீங்கியிருந்தது. அவன் அண்ணன், கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆனவர், கடலில் இருந்தார்.

துண்டுக்காரருக்கு அன்று வயிறு சரியில்லை. இரண்டு மூன்று தரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் கழியை மணலில் நட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே தாழம்புதர்ப் பக்கம் போனார்.

கரையில் எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. கூட்டாளி அண்ணனைப் பார்த்தான். "அலை எண்ணத் தெரியுமா முசியே உனக்கு?"

"தெரியும்."

"எங்க, எண்ணு பாப்போம்."

அண்ணன் எண்ணினான். நைனா மடியில் உட்கார்ந்து கற்ற எண்ணிக்கைதான். பெரிய அலைகள் வரிசையாக வந்து முடிந்ததும் கொஞ்ச நேரம் கடல் ஓயும். அவன் "இப்போ" என்று சொன்னபோது உண்மையாகவே ஓய்ந்தது.

"சொல்றது யாருக்குத்தான் வராது? தில்லு இருந்தா வீசு. அதுக்கெல்லாம் பங்குக்காரனா இருக்கணும்டா. நீ போய் புத்தகத்தைப் பிடி."

அண்ணன் இன்னொரு வரிசை அலையை எண்ணினான். ஓய்ந்ததும் கழியைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கி வீசினான். எண்ணிக்கை சரி. சும்மா ஒரு நாளாக இருந்தால் அது சரியாகவே போயிருக்கும். ஆனால் வாடைக் காற்று திரும்பிய நாளில் அலை இரண்டு பக்கத்திலிருந்து வரும். ஒன்று ஓயும்போதுதான் மற்றது எழும். ஒரு பருவமாவது கடலுக்குப் போனவனுக்கு அது தெரியும். கூழ் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறவனுக்குத் தெரியாது. எண்ணவே தெரியாத டவுன் பையன் கழியைத் தொட்டே இருக்கமாட்டான். பாதி தெரிந்ததுதான் எங்களைக் கெடுத்தது.

முன்னால் நின்ற மரம் பாய்ந்து வந்தது. வடக்கிலிருந்து எழுந்த அலை அதைப் பக்கவாட்டில் தூக்கிப் புரட்டியது. கயிறு அறுந்து கட்டைகள் தனித்தனியாக உருண்டன. மரத்தில் இருந்த மூன்று பேரில் இரண்டு தலை தெரிந்தது. கூட்டாளி நொண்டிக் காலோடு தண்ணீரில் பாய்ந்தான். அவன் தன் அண்ணன் பெயரைச் சொல்லிக் கத்தியபோதுதான் அது யார் மரம் என்று எனக்குப் புரிந்தது.

அண்ணன் கழியைக் கீழே போட்டுவிட்டு நின்றான். துண்டுக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு புதரிலிருந்து ஓடி வந்தார். வந்தவர் முதலில் செய்த காரியம் கழியை எடுத்து மணலில் குத்தியதுதான்; மற்ற மரங்கள் உள்ளே வந்துவிடாமல் தடுக்க. சத்தம் கேட்டு ஜனங்கள் குடிசைகளிலிருந்து ஓடி வந்தபோது கழி அவர் கையில் இருந்தது.

கூட்டாளியுடைய அண்ணன் பிணத்தைத் தெற்கே, புயலில் இடிந்த கடல் பாலத்துக்குப் பக்கத்தில் சாயங்காலம் எடுத்தார்கள். போலீஸ்காரர்கள் வந்து கடல் சாவு என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

நான் அம்மாவைக் குடிசைக்குப் பின்னால் இழுத்துப்போய்ச் சொன்னேன். அடித்துவிட்டு என் வாயைப் பொத்தினாள். அவள் கையில் மீன் கவிச்சி அடித்தது.

"அவன் பரீட்சை எழுதணும்டி. அது வரைக்கும் நீ ஒண்ணும் பாக்கல."

"துண்டுக்காரரைச் சொல்றாங்கம்மா."

"சொன்னா சொல்லட்டும். அவருக்கு வயசாயிடுச்சு."

அவருக்கு அப்படி ஒன்றும் வயசாகிவிடவில்லை. வீட்டில் பெண்டாட்டியும் ஒரு மகளும் இருந்தார்கள். அம்மா கெட்டவள் இல்லை. ஆனால் அன்று அவளை நான் வெறுத்தேன், அதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை. நைனாவிடம் மூச்சு விடக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள்.

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினான். சொல்லிவிடுகிறேன், சொல்லிவிடுகிறேன் என்று என்னிடம் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். காரியம் முடிவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் கூட்டாளி எங்கள் குடிசைக்குள் வந்தான். தலை மொட்டையடித்திருந்தான். கையில் மீன் அறுக்கும் கத்தி. நான் மூலையில் இருந்ததை அவன் பொருட்படுத்தவே இல்லை.

"சொல்லப் போறியா?"

அண்ணன் எழுந்து நின்றான்.

"நான்தான் உன்னை ஏத்தி விட்டேன்னு எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அது செத்துடும். நீ வாயத் திறந்தே, உன்னை அறுத்துக் கடல்ல போட்டுட்டு நானும் விழுந்துடுவேன்." சொல்லிவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதான். அண்ணன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொடவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அம்மன் கோயில் எதிரில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்கள் குப்பத்துத் தலைவரை நாட்டார் என்போம். நாட்டார் தட்டில் கற்பூரம் ஏற்றி வைத்தார். பொய் சொல்லாதவன் அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பிழைத்த இரண்டு பேரும் துண்டு வீசியதைப் பார்த்தோம் என்று அணைத்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து துண்டுதான் தெரியும், ஆள் தெரியாது. அதை யாரும் கேட்கவில்லை.

துண்டுக்காரர் எழுந்தார். "நான் வீசல. நான் அங்க இல்லவே இல்ல."

"எங்க போனே?" என்றார் நாட்டார்.

சொன்னார். கூட்டம் சிரித்தது. ஒரு சாவுக்காகக் கூடின கூட்டம் அது. அவர் கூனிக் குறுகி நின்றார்.

"அப்ப யார் வீசினது?"

"தெரியல."

நாட்டார் கூட்டாளியைக் கூப்பிட்டார். அரைப் பங்கு என்றாலும் பங்குதானே, அவனும் பேசலாம். "கரையில நீ இருந்தியே, யார் வீசினதுன்னு பாத்தியா?" அவன் தன் அம்மாவைப் பார்த்தான். "நான் பாக்கல" என்று சொல்லிக் கற்பூரத்தின் மேல் கையை வைத்தான்.

அப்போதுதான் நான் கத்தினேன். "பொய்! நான் பாத்தேன்!" பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா என் முடியைப் பிடித்து இழுத்தாள். "பொட்டப் புள்ளைக்கு ஏதுடா பங்கு?" என்று யாரோ கேட்க, மறுபடியும் சிரிப்பு. நாட்டார் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆனால் அண்ணன் வந்துவிட்டான். சின்னப் பசங்கள் நின்ற இடத்திலிருந்து, அத்தனை பேரையும் தள்ளிக்கொண்டு. "நான்தான் வீசினேன். துண்டுக்காரர் இல்ல. நான்தான்." நைனா முகத்தை நான் பார்த்தேன். அவருக்கு அந்த நிமிஷம் வரை எதுவும் தெரியாது.

கூட்டம் அடங்கியது. நாட்டார் தாடையைத் தேய்த்தார். "உனக்குப் பங்கு இருக்கா?"

"இல்ல."

"பங்கில்லாதவன் பேச்சு இங்க ஏறாது. உங்க நைனாதான் உனக்குப் பேசணும்." நைனா பக்கம் திரும்பினார். "உம் பிள்ளைதான்னா உன் மரம் போயிடும். இல்லன்னா கற்பூரத்த அணை. படிக்கிற புள்ள பயத்துல உளறுதுன்னு விட்டுடறோம்."

நாட்டாருக்கு எது வேண்டும் என்பது அந்தக் குரலிலேயே இருந்தது. ஒரு நல்ல மரம், குப்பத்தின் ஒரே படிப்பாளி, இவற்றை விட ஒரு நொண்டி மனுஷர் போவது எல்லாருக்கும் சுலபம். நைனா எழுந்து தட்டுப் பக்கம் போனார். அண்ணன் "நைனா, நைனா" என்றான். நைனா அவனைப் பார்க்காமல் கற்பூரத்தை அணைத்தார்.

"எம் பிள்ளை வீசல."

துண்டுக்காரர் குடும்பத்தை ஊர்விலக்கு செய்தார்கள். அந்த வீட்டோடு யாரும் பேசக் கூடாது, நெருப்புக் கூடக் கொடுக்கக் கூடாது. மறுநாள் ஒரு வண்டியில் சட்டி பானையை ஏற்றிக்கொண்டு தெற்கே கடலூர்ப் பக்கம் போனார்கள். அண்ணன் வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினான். துண்டுக்காரர் மகள் அவன் மேல் கல்லெறிந்தாள்.

அதற்குப் பிறகு அண்ணன் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அம்மா காலில் விழாத குறை. "எனக்குப் பங்கு வேணும்" என்பான், அவ்வளவுதான். எதற்கு என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும்: அரைப் பங்குக்காரன் கேட்டால் பதில் சொல்லலாம், ஊர்க்கூட்டம் கூட்டச் சொல்ல முழுப் பங்கு வேண்டும். நைனா தன் மரத்தில் அவனை ஏற்றவில்லை. வேறு யாரும் பள்ளிக்கூடத்துப் பையனை நம்பி ஏற்றத் தயாராக இல்லை. கடைசியில் கூட்டாளிதான் வந்து நின்றான். "எங்க மரத்துல ஒரு ஆள் குறையுது, வா."

குறைந்த அந்த ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. செத்தவர் இடத்தில் அண்ணன் துடுப்புப் போட்டான். நான் ஒவ்வொரு நாளும் பயந்து செத்தேன். கடலுக்குப் போனவர்களில் ஒருத்தன் திரும்பி வராவிட்டால் யார் என்ன கேட்க முடியும்? கத்தியோடு வந்தவன் அவன். அம்மா கூடையைத் தூக்காமல், மரம் கண்ணில் படும் வரை கரையிலேயே நிற்பாள். மார்க்கெட்டுக்குத் தாமதமாகப் போய் அழுகின மீனை விற்றாள். ஒரு தரம் அலையில் மரம் கவிழ்ந்தது. கூட்டாளி அண்ணனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். விட்டிருக்கலாம் அவன். அண்ணன் பங்கு வாங்கிவிட்டால் தன் பொய்ச் சத்தியமும் வெளியே வரும் என்று தெரிந்துதான் இழுத்துப் போட்டான்.

சில பருவங்கள் இப்படிப் போயின. அண்ணன் கை காய்த்தது, பிரெஞ்சு மறந்தது. ஓர் ஆடி மாசம், அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு முன்னால் அவனுக்கு முழுப் பங்கு என்று நாட்டார் அறிவித்தார். அந்த இடத்திலேயே ஊர்க்கூட்டம் வேண்டும் என்று கேட்டுவிட்டான்.

கூட்டத்தன்று காலை நைனா கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "சொல்லப் போறியா?"

"சொல்லப் போறேன் நைனா."

"நான் கற்பூரம் அணைச்சிருக்கேன்டா."

"தெரியும்."

நைனா மிச்சக் கூழையும் குடித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணனுக்கு முன்னால் போய் கோயில் எதிரில் உட்கார்ந்துகொண்டார். அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அன்று காலை போய்விட்டது. அப்படிச் சட்டென்று போனதில் எனக்கே ஆச்சரியம்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் சொன்னான், கற்பூரத்தை அணைத்தான். நைனா எழுந்து, "அன்னைக்கு நான் செஞ்சது பொய்ச் சத்தியம்" என்றார். யாரும் கூப்பிடாமலேயே கூட்டாளியும் எழுந்தான். "நானும் பாத்தேன். நான்தான் ஏத்தி விட்டேன்." அவன் அம்மா எழுந்து வீட்டுக்குப் போனாள். அதன் பிறகும் அவனுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள். சாகும் வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நைனா மரத்தைத் துண்டுக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும், விலக்கு நீங்கிற்று, குடும்பம் ஊருக்குத் திரும்பலாம் என்று முடிவானது. தெற்கே போகிற மீன் வியாபாரி ஒருத்தரிடம் சொல்லி அனுப்பினார்கள். நைனா மணலில் உட்கார்ந்து மரத்தின் கயிற்றை அவிழ்த்தார். கடலிலிருந்து வந்ததும் தினமும் அவிழ்த்துக் காயப்போடுகிற கயிறுதான். இனிமேல் திரும்பக் கட்ட மரம் இருக்காது, அவ்வளவுதான். அண்ணன் கட்டைகளை உப்புப் போகக் கழுவி அடுக்கினான். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். துண்டுக்காரர் வந்தால் காலில் விழுவேன், அடித்தால் வாங்கிக்கொள்வேன் என்று என்னிடம் சொன்னான். அவர் என்ன திட்டு திட்டுவார் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பார்த்துக்கூடக் கொண்டோம்.

வந்தது அவர் மகள். மாட்டு வண்டியில், தன் புருஷனோடு. கழுத்தில் தாலி, இடுப்பில் குழந்தை. கட்டைகளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"ஐயா வரலியா?" என்று அண்ணன் கேட்டான்.

"அப்பா போன வாடையிலேயே செத்துட்டாரு."

ஊர் விலக்கின வீடு. சாவுச் செய்தி எங்களுக்கு எப்படி வரும்? அண்ணன் கேட்டிருக்கக் கூடாத ஒன்றைக் கேட்டான். "எங்களப் பத்தி எதுனா சொன்னாரா?"

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்களத் திட்டி ஒண்ணும் சொல்லல. கடைசில ஜுரத்துல கிடக்கும்போது ஒரே பேச்சுதான். 'ரெண்டு பேரு பாத்தோம்னு கற்பூரம் அணைச்சாங்களே, அந்தப் பையன் வீசலன்னு அவங்கப்பாவும் அணைச்சாரே, அப்ப நான்தான் வீசிட்டு மறந்துட்டேனா?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. ராப்பகலா தூங்கல. எங்கம்மாவால பாக்க முடியல. 'ஆமா, நீதான் வீசினே, போனது போச்சு, தூங்கு'ன்னு சொல்லிடுச்சு. அப்புறம்தான் கண்ண மூடினாரு."

அவள் புருஷன் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு ஒரு கட்டையின் முனையைத் தூக்கினான். மறுமுனையைப் பிடிக்கச் சொன்னான். அண்ணன் குனிந்து பிடித்தான். அவனால் தூக்க முடியவில்லை. நான்தான் போய்ப் பிடித்தேன்.